வளையத்தில் எழுதியது

சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்.
இரு முனையிலும் தொப்பி.
தொப்பி விளிம்பில் ஊசியால் கீறியதுபோல்
எழுத்தும் எண்ணும் இடைவெளியின்றி ஓடுகின்றன.
வட்டத்துக்கு முதலெழுத்து எது?
குழல்விளக்கின் கீழ் உருட்டி உருட்டித் தேடுகிறேன்.

மருதப்பன் மேசையைத் தட்டுகிறார்.
சிலிம் ரிவர் கோயிலின் பொருளாளர்.
"வாரத்துல மூணு பியூசு, கோமளா.
சுவிட்சப் போட்டா டப்புனு போவுது."
எண்பது காசுப் பொருளுக்கு
எட்டு வெள்ளிக் கோபம்.

போனதைக் காட்டுங்கள் என்றேன்.
சட்டைப் பையிலிருந்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு
இரண்டு வந்தன.

கண்ணாடி தெளிவாக இருந்தது. அதுதான் முதல் சாட்சி.
உள்ளே எங்காவது கம்பியும் கம்பியும் முட்டியிருந்தால்
கறுத்துப்போய், ரசம் பூசியதுபோல் மின்னும்.
இதில் நடுவே ஓர் இழை வெட்டு மட்டும்.
கறையில்லாத சாவு.

மூக்குக்கண்ணாடி மாட்டியும் எழுத்து பிடிபடவில்லை.
போன் சார்ஜருக்காகக் காத்திருந்த ரஃபிக்குல்,
செம்பனை ஆலையில் வேலை,
"அக்கா, சினி" என்று கையை நீட்டினான்.
அவனுக்கும் எனக்கும் பொதுமொழி
பாதி மலாய், மீதி சைகை.
"எஃப்" என்றான் தெளிவாக.
எஃப். மூன்று. புள்ளி. பதினைந்து.

எஃப் அவசரக்காரன்.
பத்து மடங்கு மின்சாரம் வந்தால்
நாம் இமை மூடத் தொடங்குமுன் போய்விடுவான்.
டி ஓர் இமைப்பு நேரம் நின்று பார்ப்பான்.
அதற்குள் வெள்ளம் வடிந்தால் பிழைத்தான்.
வடியாவிட்டால் அவனும் போவான்.
சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

அந்த ஆம்பிளிபையரின் வயிற்றில்
மெதுவடை வடிவில் ஒரு டிரான்ஸ்பார்மர்,
நாலு கிலோ.
எழுந்ததும் ஒரு மிடறு கூடுதலாய்க் கேட்கும்.
அந்த முதல் மிடறுக்கே உயிரை விடுகிறவனை
வாசலில் காவல் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அஞ்சு ஆம்பியர் போடு" என்கிறார்.
எண் சரி, எழுத்துதான் தப்பு.
தப்பை எண்ணிலேயே தேடுவது
பொருளாளர் புத்தி.

எண்ணைப் பற்றியும் ஒன்று உண்டு, அவர் கேட்கவில்லை.
மூன்று புள்ளி பதினைந்து
அறுந்துபோகும் அளவல்ல, சுமக்கும் அளவு.
ஒன்றரை மடங்கை ஒரு மணி நேரமாவது
முனகாமல் சுமக்க வேண்டும், அதுதான் விதி.
ரஃபிக்குல் அன்று இரண்டாவது ஷிப்டு முடித்து வந்திருந்தான்.
அவன் கழுத்து அட்டையிலும் ஓர் எண்.
அது ஆலை வாசலுக்கு மட்டும் புரிகிற எண்.

மூன்றாவது எங்கே?
மருதப்பன் கூரை விசிறியைப் பார்த்தார்.
பின்மூடியைத் திருகினேன்.
அங்கேயே இருந்தது,
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றி,
பிணத்துக்கு ஜிகினா கட்டியதுபோல்.
பிடிமானத்தின் ஓரம் இளகிப்போயிருந்தது.
"நேத்து பூசைல கருகுன வாசம்," என்றார் மெதுவாக.
"சாம்பிராணின்னு நெனச்சோம்."

யாரும் பேசவில்லை.
ரஃபிக்குல் மட்டும் வெள்ளித்தாளை முகர்ந்து
முகம் சுளித்தான். ஆலையில்
வெள்ளைப் பீங்கான் பியூஸ்களைப் பார்த்தவன்,
எச் என்று பொறித்தவை, வயிறு நிறைய மணல்.
பொறியை மணலுக்குள் புதைத்துக்கொண்டு சாகும்.

டி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.
இளகியதை மாற்றியதற்குப் பன்னிரண்டு வெள்ளி.
பத்துதான் தந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு கடை சாத்தும்போது
சாலைக்கு அப்பால் ஒலிபெருக்கி "தொம்" என்றது.
கை பூட்டிலேயே நின்றது.
ஓர் இமைப்பு.
பிறகு மருதப்பன் குரல், ஹலோ ஹலோ,
அன்னதானம் கொடுத்தவர்களின் பெயர்கள்,
நீளமாக.

மறுநாள் மைலோ டின்னைக் கொட்டிப் பிரித்தேன்,
எஃப் ஒரு பக்கம், டி ஒரு பக்கம்.
கடைசியில் ஒன்று மிஞ்சியது. பழசு.
ரஃபிக்குல் இல்லாததால் வெகுநேரம் உருட்டினேன்.
எம்.
அவசரமுமில்லை, பொறுமையுமில்லை.
இதை யார் தலையில் கட்டுவது?